உரல் சத்தத்துக்கு வந்த மான்

மலைக்கு இந்தப் பக்கம் ஒரு ராஜாவும் அந்தப் பக்கம் ஒரு ராஜாவும் ஆண்ட காலம் அது. ரொம்பப் பழைய காலம். கதை கேட்க உட்கார்ந்தவர்களே, சிரிக்கலாம் என்று வந்திருந்தால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: முதல் பாதியில் கொஞ்சம் சிரிக்கலாம், அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்து ராஜாவின் நாட்டில், காட்டை ஒட்டி மூங்கிலடி என்று ஒரு சிற்றூர். அங்கே வீரணன் என்று ஒருவனும் அவன் பெண்சாதி செவந்தாயியும் இருந்தார்கள். அவல் இடிப்பது அவர்கள் தொழில். ஊறவைத்த நெல்லை வறுத்து, சூடு ஆறுவதற்குள் உரலில் கொட்டி, ஆளுக்கொரு உலக்கையாக மாற்றி மாற்றிப் போடுவார்கள். தொம், தொம். தொம், தொம். விடிகிற நேரத்தில் ஊர் கண் விழிப்பதே அந்தச் சத்தத்தில்தான்.

மூன்று பெண்களைப் பெற்று மூன்று பேரையும் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் மிச்சம் இருந்தது அவர்கள் இரண்டு பேரும் மணியன் என்ற கிழட்டு நாயும்தான்.

பெயர்தான் வீரணன். பாம்பைக் கண்டால் பயப்பட மாட்டான், பேயென்றாலும் பயப்பட மாட்டான். ஆனால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று மட்டும் அவனுக்கு நெஞ்சு நடுங்கும். இப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைத் திரும்பிப் பார்க்காதீர்கள்.

ஒரு மழைக்காலத்தில் விறகு பொறுக்கப் போன செவந்தாயி, முட்புதருக்குள் ஒரு மான் குட்டி கிடப்பதைக் கண்டாள். தாயைச் செந்நாய்கள் கொன்றுபோட்டிருந்தன. குட்டிக்குப் பின்னங்கால் கிழிந்து ஈ மொய்த்தது. மடியில் கட்டி எடுத்து வந்தாள். மஞ்சள் வைத்துக் கட்டினாள். ஆட்டுப்பாலில் துணியை நனைத்து வாயில் வைத்தாள். உடம்பெல்லாம் பொட்டுப் பொட்டாக இருந்ததால் பொட்டு என்று பெயர் வைத்தாள்.

பொட்டு பிழைத்துக்கொண்டது. ஆனால் அதற்கு மூன்று பயம் இருந்தது.

முதல் பயம் உரல் சத்தம். விடியற்காலையில் முதல் உலக்கை விழுந்ததும் வைக்கோல் போருக்குள் பாய்ந்து ஒளிந்துகொள்ளும். செவந்தாயி என்ன செய்தாள் தெரியுமா? ஒரு தொம்முக்கு ஒரு சிட்டிகை தவிடு. உள்ளங்கையில் வைத்து நீட்டுவாள். பத்து நாளில் வைக்கோல் போரிலிருந்து தலை வெளியே வந்தது. இருபது நாளில் உடம்பும் வந்தது. ஒரு மாதம் கழித்து, எங்கே மேய்ந்தாலும் தொம் என்று கேட்டதும் ஓடி வந்து உரல் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு நின்றது.

இரண்டாவது பயம் நாய். மணியனைக் கண்டால் பொட்டுக்கு உடம்பெல்லாம் வெடவெடவென்று ஆடும். இரண்டையும் ஒரே சாக்கில் படுக்கவைத்துப் பழக்கினாள். அப்புறம் மணியன் காதைப் பொட்டு நக்கும், பொட்டு முதுகில் மணியன் தலை வைத்துத் தூங்கும்.

மூன்றாவது பயம் மனிதர்கள். வந்தவர் போனவர் கையிலெல்லாம் தவிட்டைக் கொடுத்து, "நீட்டுங்க, ஒண்ணும் பண்ணாது" என்பாள். பொட்டு எல்லார் கையையும் நக்கிப் பழகியது.

"எம் பொட்டுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது!" என்று செவந்தாயி தண்ணீர்த்துறையில் பீற்றிக்கொண்டாள். சரிதான், அவளுக்குப் பெருமை. எனக்கு மட்டும் அந்த இடத்தைச் சொல்லப் பிடிக்காது.

குட்டி வளர்ந்து மானாயிற்று. மான் வளர்ந்தால் வாயும் வளரும் அல்லவா? முதலில் பக்கத்து வீட்டு அவரைப் பந்தலை மேய்ந்தது. அவர்கள் வந்து கத்திவிட்டுப் போனார்கள். அடுத்து மேலத்தெருவில் காயப்போட்ட எள்ளைத் தின்றது. அவர்களும் வந்து கத்தினார்கள். கடைசியாக ஊர் மணியக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், பந்தலுக்குள் நுழைந்து மாவிலைத் தோரணத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரைக்கும் தின்றுவிட்டு, மாப்பிள்ளை கழுத்து மாலையையும் ஒரு கடி கடித்துவிட்டது.

மணியக்காரர் மீசை துடிக்க வந்து நின்றார். "ஏப்பா வீரணா, நீ குடியிருக்கறது ஊரா காடா? காட்டு மிருகத்தக் காட்டுல கொண்டுபோய் விடு. இல்லேன்னா நீயும் அதோட சேர்ந்து காட்டுக்குப் போயிரு."

அவர் பின்னால் நாலு பேர் நின்றார்கள். வீரணனுக்கு அது போதும்.

"விட்டுர்றேங்க அய்யா" என்றான்.

வீட்டுக்குள் வந்ததும் செவந்தாயி கேட்டாள்: "ஏங்க, அதுக்கு ஓடத் தெரியாதேங்க."

"மானுக்கு ஓடத் தெரியாதா? நல்லாச் சொன்ன போ. மான் பொறந்ததே ஓடத்தான்."

அவளுக்குப் பதில் சொல்ல வந்தது. சொல்லாமல் விட்டாள். அவளுக்கும் பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டு அலுத்துப்போயிருந்தது.

முதல் தடவை வீரணன் மானைக் காட்டு விளிம்பில் விட்டு வந்தான். அவன் வீடு வந்து சேர்வதற்குள் அது உரலடியில் நின்றது.

இரண்டாவது தடவை காட்டாற்றைக் கடந்து விட்டு வந்தான். மறுநாள் விடியற்காலையில் உலக்கை போட்டார்கள். தொம், தொம். பொட்டு சொட்டச் சொட்ட நனைந்து வந்து விளிம்பில் தாடையை வைத்தது.

மூன்றாவது தடவை ஒரு மூட்டைத் தவிட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு நாள் நடந்து, உரல் சத்தம் கேட்காத தூரத்துக்கு மலை தாண்டிக் கூட்டிப் போனான். பாறையின்மேல் தவிட்டைக் கொட்டினான். பொட்டு தலை குனிந்து தின்றது. தின்றுவிட்டு நிமிர்ந்தபோது ஆள் இல்லை.

இந்தத் தடவை மான் திரும்பவில்லை. ஊர் வீரணனைப் புகழ்ந்தது. "காட்டு உசிருக்கு விடுதல குடுத்த புண்ணியவான்" என்றார் மணியக்காரர். வீரணனும் அதை நம்பத் தொடங்கினான். பாராட்டை யார்தான் சந்தேகப்படுகிறார்கள்? செவந்தாயி மட்டும் விடியற்காலையில் முதல் உலக்கை போட்டதும் ஒரு தடவை காட்டைப் பார்ப்பாள்.

மான் தன் கூட்டத்தோடு சேரவில்லையா என்று கேட்பீர்கள். சேர்ந்தது. ஆனால் ஒரு சருகு நொறுங்கினால் கூட்டம் பறந்துவிடும், பொட்டு மட்டும் யார் வருகிறார்கள் என்று ஆசையாகப் பார்த்துக்கொண்டு நிற்கும். அது எத்தனை தடவை தனியாக விடப்பட்டதோ, எனக்குத் தெரியாது.

அறுவடை முடிந்ததும் இந்தப் பக்கத்து ராஜா அந்த மலைக்காட்டுக்கு வேட்டைக்கு வந்தார். யானைமேல் பெரிய முரசு. இரண்டு பக்கமும் இரண்டு ஆட்கள் நின்று மாற்றி மாற்றி அடிப்பார்கள்.

முதல் நாள் முரசு முழங்கியது, காட்டில் இருந்ததெல்லாம் ஓடி ஒளிந்தது, ராஜாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாளும் அப்படியே. கையில் ஒரு முயல்கூட இல்லாமல் ராஜா ஊர் திரும்பப் புறப்பட்டார். வந்த கோபத்தில், "முரசை நிறுத்தாதீர்கள்! தோற்றுப் போகிறேன் என்று யாரும் நினைக்கக் கூடாது" என்றார். ராஜாவுக்கும் நாலு பேர் பயம் உண்டு போலிருக்கிறது.

ராஜா வருகிற பாதை மூங்கிலடி வழியாக. ஊரே வழியில் கூடி நின்றது. செவந்தாயியும் வேடிக்கை பார்க்க நின்றாள். மலைச்சரிவிலிருந்து முரசு கேட்டது.

தொம், தொம். தொம், தொம்.

செவந்தாயி சட்டென்று திரும்பினாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். உலக்கையை எடுத்து வெறும் உரலில் ஓங்கி ஓங்கிப் போட்டாள்.

பின்னால் ஓடி வந்த வீரணன், "என்னாடி பண்ற? நெல்லில்லாத உரல எதுக்குடி இடிக்கிற?" என்று கத்தினான்.

"அது முரசு இல்லீங்க, உரலு! பொட்டுக்கு அது உரலு! எல்லா மிருகமும் அந்தச் சத்தத்துக்கு ஓடிரும். எம்புள்ள மட்டும் அதைத் தேடிக்கிட்டுப் போகும்!"

வீரணன் அவளுக்கு எதிரே போய் நின்றான். மற்ற உலக்கையை எடுத்தான். இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். கை கொப்பளித்தும் நிறுத்தவில்லை. தெருவில் போனவர்கள் இவர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக வீரணன் காதில் அது விழவில்லை.

அவர்கள் நினைத்தது சரிதான். மூன்று நாளாகப் பொட்டு அந்த முரசைத் தேடிக்கொண்டு மலை முழுக்க அலைந்திருந்தது. கடைசியில் சரிவில் ராஜா முன்னால் புதரைப் பிளந்துகொண்டு வந்தது.

வேட்டை நாய்கள் பாய்ந்து சூழ்ந்தன. பொட்டு ஓடவில்லை. ஒரு நாயின் காதை நக்கப் போனது. நாய்களே குழம்பி நின்றுவிட்டன. மூன்று நாள் வெறுங்கையாக இருந்த ராஜா யோசிக்கவில்லை. அம்பை விட்டார்.

அம்பு விலாவில் பாய்ந்தது. அப்போதும் பொட்டு ஓடவில்லை. தள்ளாடிக்கொண்டு நாலடி முன்னால் வந்து, ராஜாவின் கையை முகர்ந்து பார்த்தது. அந்தக் கையில் தவிடு இல்லை.

ராஜாவின் கையிலிருந்து வில் நழுவியது. அவர் ஒரு விரலை உயர்த்த, முரசு நின்றது. அப்போதுதான் கீழே ஊருக்குள்ளிருந்து இன்னொரு சத்தம் கேட்டது. தொம், தொம். பொட்டு காதைத் திருப்பியது. பிறகு அந்தச் சத்தத்தைப் பார்த்து நடந்தது.

செவந்தாயி தலை நிமிர்ந்தபோது மான் வாசலில் நின்றது. விலாவில் அம்பு. கிழட்டு மணியன் எழுந்து வாலை ஆட்டினான். பொட்டு மெதுவாக வந்து உரல் விளிம்பில் தாடையை வைத்து, உள்ளே பார்த்தது.

உரலில் ஒரு பிடி தவிடுகூட இல்லை.

செவந்தாயி வெறும் உள்ளங்கையை நீட்டினாள். பொட்டு அதை ஒரு தடவை நக்கியது. அப்புறம் முன்னங்கால்கள் மடங்கின.

ராஜா ரத்தச் சுவடு பிடித்து நடந்தே வந்தார். ஊரும் பின்னால் வந்தது. "என் முரசுக்குக் காடே ஓடியது. இந்த மான் மட்டும் ஏன் என்னிடம் வந்தது? இது சாவதற்கு யார் காரணம்?" என்று கேட்டார்.

"நாங்க இல்ல மகாராசா" என்றார்கள் ஊர்க்காரர்கள்.

"இவந்தான் காட்டுல விட்டான் மகாராசா" என்றார் மணியக்காரர். புண்ணியவான் என்று சொன்ன அதே வாய்.

"ஆமாம் மகாராசா, நாந்தான் விட்டேன்" என்றான் வீரணன். "தவிட்டக் காட்டி ஏமாத்தி விட்டுட்டு வந்தேன்."

செவந்தாயி மானின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, நிமிராமல் பேசினாள். "அம்பு உங்களுது மகாராசா. ஆனா அதுக்குக் காட்டுல துணையா இருந்தது பயம் ஒண்ணுதான். சத்தத்துக்குப் பயம், நாய்க்குப் பயம், மனுசருக்குப் பயம். அந்த மூணையும் நாந்தான் ஒவ்வொண்ணாப் புடுங்கிப் போட்டேன். அப்புறம் இவரு கூட்டிட்டுப் போறப்ப வாய மூடிக்கிட்டு நின்னேன். புடுங்கினவ கூட இருந்திருக்கணும். நான் இல்லாமப் போயிட்டேனே!"

ராஜாவுக்கு யாரைத் தண்டிப்பது என்று தெரியவில்லை. தலைப்பாகையைக் கழற்றி மானின்மேல் போர்த்தினார். உரலுக்குப் பக்கத்திலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள். ராஜாவும் ஒரு கை மண் போட்டார். அந்த முரசு அதற்கப்புறம் வேட்டைக்குப் போகவில்லை.

வீரணனும் செவந்தாயியும் மறுபடி அவல் இடித்தார்கள். வயிறு இருக்கிறதே. ஆனால் ஒவ்வொரு விடியற்காலையிலும் முதல் பிடித் தவிட்டை உரல் விளிம்பில் வைத்துவிட்டுத்தான் உலக்கையைத் தொட்டார்கள். காக்கை தின்றுவிட்டுப் போகும். அதை விரட்டவும் மாட்டார்கள், கையை நீட்டிப் பழக்கவும் மாட்டார்கள்.

கதை இவ்வளவுதான், கேட்டவர்களே. நீதி இது: ஓர் உயிரின் பயத்தைப் போக்கி அதை நம்பவைத்தவர், அந்த உயிர் இருக்கும் வரைக்கும் அதற்குத் துணையாக இருந்தே தீரவேண்டும்.