படத்துக்குக் கீழே ஒரு பெயர்

"படம் அப்படியேதான் இருக்கப்போகுது. பேரை மட்டும் மாத்தச் சொல்றாங்க. மாத்தினா என்ன டீச்சர்?" என்று கேட்டார் மாகாளி.

ஹெப்சிபா உருளையில் காய்ந்திருந்த மையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கேட்டவருக்கு வயது அறுபத்தொன்று. சொல்லித்தருபவளுக்கு முப்பத்தெட்டு. மாகாளி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள், மழைக்கு ஒதுங்கத்தான் மண்டல நுண்கலைக் கழகத்துக்குள் நுழைந்தார். அரசாங்கக் கட்டடம். கீழே காட்சிக்கூடம், மாடியில் பட்டறைகள். மாடியில் ஒரு பெண், செதுக்கிய பலகையில் மை தடவி, தாளை வைத்து அழுத்தி, மெதுவாக உரித்தெடுத்தாள். தாளில் ஒரு ஆலமரம் வந்திருந்தது. மழை விட்ட பிறகும் மாகாளி கிளம்பவில்லை. மறுநாளும் வந்து நின்றார்.

"எனக்கும் சொல்லித் தருவீங்களா டீச்சர்?"

"உளி கையைக் கிழிக்கும் அண்ணாச்சி."

"கிழிக்கட்டும்."

கிழிக்கத்தான் செய்தது. மூன்றாவது வருடம், கழகத்தின் ஆண்டுக் கண்காட்சிக்கு அவர் முதன்முதலாக ஒரு படம் கொடுத்தார். இரண்டு பாதங்கள். வெடித்த குதிகால், நகம் போன பெருவிரல், விரலிடுக்கில் ஆறாத புண். மனைவியை எதிரே உட்காரவைத்து ஐந்து மாதம் செதுக்கியது. தேர்வுக் குழுவில் ஒருவர்கூட மறுப்புச் சொல்லவில்லை. படத்துக்குக் கீழே ஒட்டும் அட்டைக்கு அவர் எழுதிக் கொடுத்த பெயர்: 'சொர்ணம், உப்பளத் தொழிலாளி, முப்பத்தோரு வருடம்.'

அதைப் பார்த்துவிட்டுத்தான் கழகத்தின் செயலாளர் சற்குணம் அவரைத் தன் அறைக்கு அழைத்தார். உட்காரச் சொல்லிக் காபி வரவழைத்தார்.

"அருமையான வேலை அண்ணாச்சி. ஆனா நாளைக்குத் திறந்துவைக்க வர்றது யாருன்னு தெரியும்ல? இந்த வட்டாரத்துல பாதி உப்பளம் அவருதுதான். கூப்பிட்டு வச்சுக் குத்திக்காட்டின மாதிரி ஆயிரும். 'தவம்'னு வச்சிருவோம். படத்துக்கும் ஒரு ஆழம் வந்துரும்."

புது அட்டையைக்கூட அச்சடித்து வைத்திருந்தார்.

மாகாளிக்கு அது பெரிய தப்பாகப் படவில்லை. படம் சுவரில் ஏறினால் போதும் என்றிருந்தது. 'தவம்' என்பது கேட்கவும் கௌரவமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏதோ உறுத்த, அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாடிக்கு வந்து டீச்சரிடம் கேட்டார்.

ஹெப்சிபா துணியைக் கீழே வைத்தாள்.

"என்கிட்ட எதுக்குக் கேக்கீங்க? அது என் பேரா?"

"இல்ல."

"உங்க பேரா?"

மாகாளி சட்டைப்பையிலிருந்து அட்டையை வெளியே எடுத்தார்.

"அட்டையை வீட்டுக்குக் கொண்டு போங்க அண்ணாச்சி. அக்காகிட்ட வாசிச்சுக் காட்டுங்க. அவங்க சரின்னா நானே ஒட்டுதேன்."

அன்று சாயங்காலம் சொர்ணம் முற்றத்துக் குழாயடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மாகாளி பக்கத்தில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார்.

"உன் படத்துக்குப் புதுசா பேரு வச்சிருக்காங்க."

"என்ன பேரு?"

அட்டையை எடுத்து வாசித்தார். "தவம்."

"யாரு பண்ணினது?"

"நீதான்னு..."

சொர்ணம் கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டாள்.

"நான் எப்போ தவம் பண்ணினேன்? விடியுமுன்ன போயி உப்பு வாரினேன். செருப்போட இறங்கினா உப்பு அழுக்காயிரும்னு கங்காணி சொன்னான், கழட்டினேன். புண்ணுக்கு மருந்து கேட்டேன், நாளைக்கு நீ வரவேண்டாம்னான். மறுநாளு அதே புண்ணோட போயி நின்னேன். இதுக்குப் பேரு தவமா?"

மாகாளி அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"பேரை மாத்தலன்னா படத்தை எடுத்துருவாங்க சொர்ணம். அஞ்சு மாச வேலை."

"எடுக்கட்டும். காலு எங்கிட்டதான இருக்கு?"

அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. குழம்புக்குப் புளி கரைக்கப் போய்விட்டாள். மாகாளிக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. ஐந்து மாதம் அந்தப் பாதங்களைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கியவர் அவர். ஒருநாள்கூட மருந்து கேட்ட கதையை அவளிடம் கேட்டதில்லை.

மறுநாள் காலை இருவரும் கழகத்துக்குப் போனார்கள். சொர்ணம் நீலப் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். வழுவழுவென்று மின்னிய தரையைப் பார்த்ததும், கோயிலில் கழற்றுவதுபோல வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டாள்.

மாகாளி நேரே செயலாளரிடம் போனார்.

"பழைய பேரு இருந்தா படம் இருக்கட்டும் சார். இல்லன்னா வேண்டாம்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா? முதல் படம் அண்ணாச்சி. பத்திரிகைக்காரங்க எல்லாம் வர்றாங்க."

"யோசிச்சுட்டேன்."

சற்குணம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஊழியரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். இரண்டே நிமிடத்தில் படம் இறங்கிவிட்டது. அதற்கென்று பொருத்திய விளக்கை அணைக்க மட்டும் நேரமில்லை. வாசலில் கார் வந்துவிட்டது. வெறும் சுவரில் ஓர் ஆணியும், சுவரிலிருந்து தரைவரை வழிந்த வெளிச்சமும் மிஞ்சின.

"இந்த இடமா?" என்று கேட்டாள் சொர்ணம்.

"ஆமா."

அவள் போய் அந்த வெளிச்சத்தில் நின்றாள்.

சற்குணம் ஓடிவந்தார். "அம்மா, இங்கெல்லாம் நிக்கக் கூடாது."

"எந்த விதியில சார்?" குரல் பின்னாலிருந்து வந்தது. ஹெப்சிபா மாடிப்படியில் நின்றிருந்தாள். "பொதுக் கண்காட்சி. அவங்களும் பார்க்கத்தான் வந்திருக்காங்க."

"டீச்சர், நீங்க மேல போங்க."

ஹெப்சிபா மேலே போகவில்லை. இறங்கி வந்து சொர்ணத்துக்கு இந்தப் பக்கம் நின்றாள். அந்தப் பக்கம் மாகாளி போய் நின்றார்.

உப்பு முதலாளி நாடாவை வெட்டி, கைதட்டல் வாங்கி, ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை, சிரித்த முகம். வெறும் சுவருக்கு முன் வந்ததும் நின்றார்.

"இங்க என்ன படம்?"

"ஒண்ணு வரவேண்டியிருந்தது சார், தாமதமாயிருச்சு," என்றார் சற்குணம்.

"வந்துச்சு," என்றாள் சொர்ணம். "எடுத்துட்டாங்க. இந்தக் காலுதான் படம்."

முதலாளி குனிந்து பார்த்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். விளக்கின் வெளிச்சம் பாதங்களின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

"எந்த அளம்?" என்று கேட்டார் அவர்.

"உங்க அளந்தான். முப்பத்தோரு வருசம். எம் பேரு சொர்ணம்."

அவர் அடுத்த படத்துக்கு நகர்ந்தார். அது கரையில் கிடக்கும் ஒரு படகு. அதில் பார்க்க அவ்வளவு ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு அதன் முன்னாலேயே வெகுநேரம் நின்றார்.

மத்தியானம் கூட்டம் கலைந்ததும் சற்குணம் மாடிக்கு வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"டீச்சர், உங்க ஒப்பந்தம் மார்ச்சோட முடியுது. புதுப்பிக்கப் போறதில்ல."

"சரி சார்," என்றாள் ஹெப்சிபா.

அவர் இறங்கிப் போகும் செருப்புச் சத்தம் ஓய்ந்தது. மாகாளி உளிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். சொர்ணம் சுவரில் இருந்த பழைய அச்சுப் படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்," என்றார் மாகாளி. "படம் சுவத்துல இல்ல. உங்க வேலையும் போகப்போகுது. அந்த மனுசன் ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாரு. இவ்வளவும் பண்ணி நமக்கு என்ன கிடைச்சுது?"

ஹெப்சிபா ஜன்னல்களைச் சாத்தினாள். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கண்காட்சி பதினஞ்சு நாள் அண்ணாச்சி," என்றாள். "நாளைக்குப் பத்து மணிக்குத் திறப்பாங்க. அக்காவை அஞ்சு நிமிசம் முன்னாலயே கூட்டிட்டு வந்துருங்க."