சித்திரை பில்லும் ஐப்பசி பில்லும்

தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு எழுந்துபோகிற கதை இல்லை இது. முடிவில் தீர்ப்பு உங்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும். அதனால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

பவானியில் நாச்சம்மாள் என்று ஒரு மாமியார். அவருக்கு இரண்டு மருமகள்கள். மூத்தவள் கோகிலவாணி, இளையவள் இந்துஜா. வீட்டில் தெருவைப் பார்த்த முன்னறை ஒன்று பூட்டிக் கிடந்தது. ஓரகத்திகள் இருவருக்கும் அதன் மேல் ஒரு கண். இந்துஜாவுக்கு டியூஷன் எடுக்க இடம் வேண்டும். கோகிலவாணியின் பாடு அதைவிட மோசம். கடைவீதியில் வாடகை இடத்தில் தையல் கடை வைத்திருந்தாள். தை மாதத்துக்குள் காலி செய் என்று சொல்லிவிட்டார்கள். கணவன் பழனிவேலுக்கோ தறிக்கூடத்தில் வேலை பாதி நாள்தான். முன்னறை கிடைக்காவிட்டால் தையல் மெஷினை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நாச்சம்மாள் எதையும் சும்மா தூக்கிக் கொடுக்கிற ஆள் இல்லை. கரண்டு பில்லும் கேஸ் விலையும் போட்டி போட்டு ஏறுவதைப் பார்த்து அவருக்கு ஏற்கெனவே வயிற்றெரிச்சல்.

"ஆளுக்கொரு பில்லு சமையக்கட்டைப் பாருங்க. கரண்டும் கேஸும் சேர்த்து யாருக்குக் கம்மியா வருதோ, முன்னறைச் சாவி அவளுக்கு" என்று சொல்லிவிட்டார்.

அங்கே பில் இரண்டு மாதத்துக்கு ஒன்று. எதுவானாலும் மூத்த மருமகள்தான் முதலில் கை வைக்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். ஆகவே சித்திரையும் வைகாசியும் கோகிலவாணி தலையில் விழுந்தன. ஆடியில் பெருக்குக்கும் புரட்டாசியில் நவராத்திரிக்கும் உறவுக்கூட்டம் வந்து தங்கும், அந்தக் கணக்கு வேண்டாம் என்று இந்துஜாவுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் ஒதுக்கினார்கள்.

கோகிலவாணி அளவெடுக்காமல் துணியில் கத்திரி வைக்காதவள். இரண்டு விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கேஸ் எத்தனை சிலிண்டர் வாங்கினாலும் ஒரே விலை. கரண்டு அப்படி இல்லை. எரிக்க எரிக்க யூனிட் விலை படிப்படியாக ஏறும், ஒரு கோட்டைத் தாண்டிவிட்டால் அதற்கு முன் எரித்ததற்கும் சேர்த்து விலை கூடிவிடும். போன சித்திரையில் தாண்டியாயிற்று. அந்த பில்லைப் பார்த்து மாமியார் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

அவள் செய்த முதல் வேலை, கரண்டு அடுப்பைத் துடைத்துப் பரணில் ஏற்றியது. சோறு, குழம்பு, காப்பி, எல்லாமே கேஸில். சிலிண்டர் மளமளவென்று தீர்ந்தது. அடுத்த சிலிண்டர் வந்து இறங்கியபோது பழனிவேலுக்குப் பொறுக்கவில்லை.

"ஊரே கேஸை உட்டுட்டுக் கரண்டு அடுப்புக்குப் போவுது. நீ என்னடான்னா..."

"ஏசி ஓடற மாசமுங்க இது. இதுல அடுப்பையும் அதுலயே வெச்சா மீட்டர் பறந்துரும்."

"அப்ப ராத்திரி அம்மா தூங்குனதும் ஏசியை நிறுத்திப்போடு. அவங்களுக்கு எங்க தெரியப்போவுது?"

"அத்தை வேர்த்துக்கிட்டுக் கெடந்து எனக்குச் சாவி வரோணுமாக்கும்?" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள். பாருங்கள், பிழைப்பு ஊசலாடுகிற நேரத்திலும் அந்த ஒரு சுவிட்சில் அவள் கை போகவில்லை. இப்படிப்பட்டவளை மெச்சாமல் இருக்க முடியுமா?

வாரம் தவறாமல் மீட்டரைப் பார்த்தாள். ஏசி விடிய விடிய ஓடியும் கோட்டைத் தொடாமலே பில் நின்றது. இரண்டையும் சேர்த்தால் போன சித்திரை வைகாசிக்கு ஆனதில் மூன்றில் ஒரு பங்கு குறைவு.

இந்துஜாவும் லேசுப்பட்டவள் இல்லை. ஐப்பசி பிறந்ததும் பரணிலிருந்து கரண்டு அடுப்பை இறக்கினாள். ஏசி ஓய்ந்துவிட்டது, மீட்டர் மெதுவாகத்தான் நகரும், கோடு எங்கோ தூரத்தில். குறைந்த விலைக் கரண்டு கையில் இருக்க, எதற்குக் கேஸை எரிப்பது? குளிக்கிற வெந்நீர்கூட அதிலேயே. மூத்தவள் செய்ததற்கு நேர் எதிர், ஆனால் அவளுடைய மாதங்களுக்கு அதுவே சரி. வழக்கமாகவே குறைவாக வரும் ஐப்பசிச் செலவை இன்னும் கொஞ்சம் குறைத்துக் காட்டினாள்.

கார்த்திகை பில் வந்த அன்று நாச்சம்மாள் இருவரையும் கூப்பிட்டார். இந்துஜாவின் மொத்தம், கோகிலவாணியின் மொத்தத்தைவிடக் குறைவு. கோகிலவாணி இரண்டு கணக்கையும் வாங்கி இன்னொரு முறை கூட்டிப் பார்த்தாள்.

"சொன்ன சொல்லு சொன்னதுதான்" என்று நாச்சம்மாள் சாவியை இளையவளிடம் நீட்டினார்.

இந்துஜா கையை நீட்டவில்லை. "ஏனுங்கத்தை, இது எனக்குச் சேர வேண்டியதுதானுங்களா?" என்றாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மாமியார் கொடுத்த வாக்கின்படி குறைந்த பில் இளையவளுடையது. மூத்தவளோ கொளுத்தும் வெயிலில் மல்லுக்கட்டியவள். அந்தச் சாவி யார் இடுப்பில் ஏற வேண்டும்?

விடை: கோகிலவாணியின் இடுப்பில்தான். சித்திரைச் செலவைப் போன சித்திரையோடும், ஐப்பசிச் செலவைப் போன ஐப்பசியோடும்தான் ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் அதிகம் குறைத்தவள் மூத்தவள். வாக்குக் கொடுத்தபோது மாமியாருக்கு மாதங்களின் நினைப்பே இல்லை. மூத்தவள்தான் முதலில் என்ற வழக்கம் கோகிலவாணியைக் கொண்டுபோய் வெயிலில் நிறுத்திவிட்டது. இதை எடுத்துச் சொன்னது யார் தெரியுமா? இந்துஜாவேதான். மாமியார் கையிலிருந்த சாவியை வாங்கி ஓரகத்தியின் கையில் வைத்து, "டியூஷன் பசங்க மாடியில உக்காந்து படிக்கட்டும். அந்தச் சித்திரையை எனக்குக் குடுத்திருந்தா, கரண்டு அடுப்புதான் சிக்கனம்னு அதுலயே ஆக்கி, நான் கோட்டைத் தாண்டியிருப்பனுங்க்கா" என்றாள்.