பேர் கேட்ட கம்ப்யூட்டர்

"தாயே, கம்ப்யூட்டர் தயார். இப்போதாவது உபதேசம் கிடைக்குமா?"

தணிகாசலம் கைகட்டி நின்றார். மரகதத் தாயார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யாராவது தொட்டாங்களா ஐயா?"

"இன்னும் இல்லை."

"அப்ப தயார் இல்லை."

கீரையில் ஒரு புழு இருந்தது. தாயார் அதை இலையோடு எடுத்துப்போய்ச் செடியில் விட்டுவிட்டு வந்தார்.

மலையடிவாரத்தில் இருந்தது அந்த ஆசிரமம். பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு சன்னதி, ஒரு கிணறு, ஒரு சாப்பாட்டுக் கூடம். மத்தியானம் யார் வந்தாலும் சாப்பாடு உண்டு. சாப்பிட்டுக் கை கழுவும்வரை வந்தவரின் பெயரைக் கேட்கக்கூடாது. அது அங்கே வழக்கம். பெயரைக் கேட்டால் ஊரைக் கேட்கத் தோன்றும். ஊரைக் கேட்டால் இன்னும் என்னென்னவோ கேட்கத் தோன்றும். அதற்குள் சோறு ஆறிப்போகும்.

தணிகாசலம் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். முதல்நாள் வாசலிலேயே, "நான் தணிகாசலம், எம்.எஸ்ஸி..." என்று ஆரம்பித்தார்.

தாயாருக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். "முதல்ல உட்காருங்க ஐயா" என்று இலையைப் போட்டுவிட்டார்.

தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இவரிடம் உபதேசம் வாங்காமல் ஊர் திரும்புவதில்லை என்று அங்கேயே தங்கிவிட்டார். அதற்கப்புறமும் தாயார் அவர் பெயரைக் கேட்கவில்லை. ஐயா என்பதோடு சரி. அதில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் மனக்குறை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பக்தர் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் பெட்டி.

"இது வேலை செய்யணும்னா உள்ளே ஒரு சிஸ்டம், அதாவது இதை இயக்கற மென்பொருள், போடணும் தாயே. காசு கொடுத்தும் வாங்கலாம். சும்மாவும் கிடைக்கும்."

"நம்மகிட்ட எல்லாமே சும்மாதானே. அதுவும் அப்படியே இருக்கட்டும்."

"சும்மா கிடைக்கிறதே நூறு விதம் இருக்கு."

"சாப்பிட வர்றவங்க பயப்படாம உட்கார்ந்து தொடற மாதிரி ஒண்ணு போடுங்க. அவங்க தொட்ட அன்னிக்கு உங்களுக்கு உபதேசம்."

இவ்வளவுதானா என்று நினைத்தார் தணிகாசலம்.

*

முதலில், சாப்பாட்டுக் கூடத்து மூலையில் பெட்டியை வைத்து, தனக்கு ரொம்பப் பிடித்த சிஸ்டத்தைப் போட்டார்.

வாசலில் பூக்கட்டும் பவுனு வந்து எட்டிப் பார்த்தாள். அவள் மகள் நர்ஸ் வேலைக்கு ஜோத்பூர் போயிருந்தாள். பவுனுவிடம் இருந்தது பட்டன் போன். அதில் மகளின் குரல் வரும். ஊர் வராது.

"சார், அந்த ஊரைக் காட்டுமா இது? பாலைவனம்னு சொல்றாங்க. தண்ணி இருக்கான்னு பார்க்கணும்."

திரை கறுப்பாக இருந்தது. மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டியது.

"கரண்ட் இல்லையா சார்?"

"இருக்கும்மா. இதுதான் திரை. என்ன வேணுமோ அதைக் கட்டளையா எழுதணும். எழுதினா எல்லாம் செய்யும்."

"நான் கட்டளை போட்டா என் வீட்டுக்காரரே செய்யமாட்டார்" என்று பவுனு திரும்பிப் போய்விட்டாள்.

சாயங்காலம் தாயார் ஒரு அகல்விளக்கை ஏற்றிக் கொண்டுவந்து கம்ப்யூட்டர் முன்னால் வைத்தார்.

"எதுக்கு தாயே?"

"இருட்டா இருக்கே ஐயா."

தணிகாசலம் அந்தச் சிஸ்டத்தை அழித்துவிட்டு, இருப்பதிலேயே அலங்காரமானதைப் போட்டார். தொட்டால் திரையில் திறந்த ஜன்னல் நெளிந்தது. அடியில் தங்கமீன் நீந்தியது.

"சினிமா தியேட்டர் கணக்கா இருக்கு" என்றாள் பவுனு. "படம் எப்ப சார் போடுவீங்க?"

பழைய பெட்டி பெரிதாக மூச்சு வாங்கியது. பாதித் திரையில் மீன் அப்படியே நின்றுவிட்டது. மறுநாள் காலையிலும் அங்கேயே நின்றது.

தாயார் மடியிலிருந்து கொஞ்சம் பொரியை எடுத்து மீனுக்கு நேரே வைத்துவிட்டுப் போனார்.

*

சில நாள் கழித்துத் தணிகாசலம் எளிமையானதாக ஒன்றைத் தேடி எடுத்தார். இளைத்துப்போன பெட்டியிலும் இரைக்காமல் ஓடியது. பெரிய எழுத்து. எல்லாம் தமிழில். கீழே நாலே நாலு படங்கள்.

பார்க்கப் பார்க்க அவருக்கே ஆசையாக இருந்தது. இவ்வளவு நல்லதை யாராவது கெடுத்துவிட்டால்? ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வைத்தார். அதில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், நடுவில் ஒரு நட்சத்திரம்.

பவுனு இந்தத் தடவை உட்கார்ந்தே விட்டாள்.

"பேர் கேட்குது சார். பவுனுன்னு போடவா?"

"உங்க பேர் இல்லம்மா. நான் வெச்ச பேர்."

"எனக்கு எங்கப்பா வெச்ச பேர் போதும்" என்று அதையே தட்டினாள். தவறு என்று வந்தது. இன்னொரு தரம் தட்டினாள். இன்னொரு தரம்.

அரை மணி நேரம் கழித்து வரவும் என்றது கம்ப்யூட்டர்.

"அதுக்குள்ள என் பூ வாடிடும்."

தணிகாசலம் நேரே தாயாரிடம் போனார்.

"தாயே, கம்ப்யூட்டர் மேல ஒரு குறையும் இல்லை. ஜனங்களுக்குத்தான் பழக்கம் பத்தலை. எனக்கு உபதேசம் இந்த ஜன்மத்தில் கிடையாது போலிருக்கு."

தாயார் சமையல்காரர் சொக்கனை அருகே கூப்பிட்டு, அவர் காதில் ஏதோ சொன்னார்.

தணிகாசலத்துக்கு வயிறு எரிந்தது. உபதேசத்தைக் காதில்தானே சொல்வார்கள்.

*

மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் சொக்கன் கரண்டியோடு நின்றார். எல்லாரையும் உள்ளே விட்டார். தணிகாசலம் வந்ததும் கரண்டியைக் குறுக்கே நீட்டினார்.

"பெயர்?"

"என்ன சொக்கன், காலையில்தானே எனக்குக் காபி கொடுத்தீங்க?"

"அது காலையில. பெயர்?"

"தணிகாசலம்."

"அது உங்க பேர் சார். நான் உங்களுக்கு ஒரு பேர் வெச்சிருக்கேன். அதைச் சொல்லுங்க."

"நீங்க வெச்சது எனக்கு எப்படித் தெரியும்?"

"சரி, பேரை விட்டுடறேன். ரகசியச் சொல்லையாவது சொல்லுங்க."

உள்ளேயிருந்து சாம்பார் வாசனை வந்தது. வடையும் இருந்தது போலிருந்தது.

"ஓம்."

"தவறு."

"முருகா."

"அவர் பேர்ல தப்பில்லை. ஆனா தவறு."

"வடை."

"மூணு தரம் ஆச்சு. அரை மணி கழிச்சு வாங்க சார்."

பின்னால் நின்ற பவுனு, "ஒதுங்குங்க சார், பசிக்குது" என்று அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள்.

தணிகாசலத்துக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"இந்த ஆசிரமத்தில் சாப்பிடறதுக்கு முன்னாடி பேர் கேட்கிற வழக்கம் உண்டா?"

கூடம் முழுக்கக் கேட்டது. இலையில் குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த தாயார் வாளியைக் கீழே வைத்தார்.

"அதானே" என்றார்.

தணிகாசலம் மெதுவாகத் திரும்பினார். கூடத்தின் மூலையில் கம்ப்யூட்டர் யாரையோ பெயர் கேட்டுக்கொண்டிருந்தது.

தாயாரிடம் வந்து தணிந்த குரலில் சொன்னார்:

"பேர் கேட்கிறதை எடுத்துடறேன் தாயே. ஆனா வர்றவங்க எதையாவது கலைச்சுட்டுப் போயிட்டா?"

"இலையில சிந்திட்டுப் போறாங்களே. என்ன பண்றோம்?"

"இலையை எடுத்துடறோம்."

"அடுத்தவருக்கு?"

"வேற இலை..."

வாக்கியத்தை முடிக்காமலே மூலைக்கு ஓடினார்.

"சார், வாங்க சார். தாயார் சொல்லித்தான் அப்படிக் கேட்டேன். வடை ஆறுது" என்று சொக்கன் கரண்டியோடு பின்னாலேயே போனார். தணிகாசலத்தின் காதில் விழவில்லை.

இலை மாற்றுகிற ஏற்பாடு அந்தச் சிஸ்டத்திலேயே இருந்தது. பெயர் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். ஒருவர் எழுந்து போனால், அவர் சிந்தியதெல்லாம் தானாகப் போய்விடும். அடுத்தவருக்குச் சுத்தமாகத் திறக்கும். முதல்நாளே அதைத் தேவையில்லை என்று மூடி வைத்தவர் தணிகாசலம்தான்.

திறந்துவிட்டார். திரையில் ஒரே ஒரு சொல் வந்தது. விருந்தினர்.

பவுனு கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். தொட்டாள். திறந்தது.

நாலு படங்களில் உலகப்படம் போட்டதைத் தொட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி ஊர்ப் பெயரைத் தட்டினாள். வானத்திலிருந்து ஊரை எடுத்த படம் வந்தது. ஒரே பழுப்பு. நகர்த்தினாள். மறுபடி பழுப்பு. அவள் முகம் சுருங்கியது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

நீலமாக ஒன்று வந்தது. அதன் மேல் விரலை வைத்தாள்.

"தண்ணி இருக்கு சார்."

கூடையிலிருந்து ஒரு முழம் பூவை எடுத்துப் பெட்டியின் தலையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள்.

*

"தொட்டுட்டாங்க தாயே."

"சாப்பிட்டீங்களா?"

"உபதேசம்..."

"முதல்ல உட்காருங்க ஐயா."

தாயாரே இலை போட்டார். வடை ஆறித்தான் போயிருந்தது. தணிகாசலம் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவினார். பிறகு வடக்குப் பார்த்து உட்கார்ந்து, கண்ணை மூடி, வலது காதைக் காட்டினார்.

தாயார் குனிந்தார்.

"உங்க பேர் என்ன?"

தணிகாசலம் கண்ணைத் திறந்தார். பெயரும் எம்.எஸ்ஸியும் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. மூலையில் கம்ப்யூட்டர் பூ வைத்துக்கொண்டு அடுத்த ஆளுக்காகக் காத்திருந்தது.

"விருந்தாளி, தாயே" என்றார்.