முதலாளி காட்டிய சூடம்

ஏலத்தோட்டத்து முதலாளி ராசகோபாலுவிடம் ஒரு கிழட்டு ஜீப் இருந்தது. காய் பறிக்கும் பெண்களை மலையில் ஏற்றி இறக்குவது அதுதான். பிரேக்கை மிதித்தால் சட்டென்று நிற்காது; கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நிற்கும்.

வருஷா வருஷம் ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டி வாங்கும் எஃப்.சி.க்கு நாள் வந்தது.

"பிரேக்கைப் பார்க்கணும் முதலாளி" என்றான் டிரைவர் ஒச்சப்பன்.

"எனக்கே புத்தி சொல்றியா? அந்தப் பிரேக்கு இன்னும் பத்து வருஷம் தாங்கும். பெயிண்ட் அடி, ஸ்டிக்கர் ஒட்டு, போதும். எஃப்.சி. வாங்காம வந்தா சாவியக் குடுத்துட்டுப் போயிரு!"

"சரிங்க முதலாளி" என்று தலையாட்டிய ஒச்சப்பன், ஜீப்பைக் கல்யாண மாப்பிள்ளையாட்டம் ஜோடித்தான். மறுநாள் காலையில் அதைத் தோட்டத்து இறக்கத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். வேலைக்கு வந்த பெண்களெல்லாம் கூடி நிற்க, சூடத்தட்டை முதலாளி கையில் கொடுத்தான்.

"வண்டிக்கு நேர் முன்னால நின்னு காட்டுங்க முதலாளி. பழத்த நசுக்கிட்டு உங்க காலுக்கு ஒரு சாண் முன்னால நிறுத்திடுறேன். பிரேக்குதான் பத்து வருஷம் தாங்குமே!"

இத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? முதலாளி போய் நின்றார். ஒச்சப்பன் சாவியைத் திருப்பினான். என்ஜின் ஒரு கனைப்புக் கனைத்தது. தட்டு ஒரு பக்கம், சூடம் ஒரு பக்கம், முதலாளி ஏலச்செடிக்குள்!

"நிறுத்துடா!"

"இன்னும் வண்டிய நகத்தவே இல்லைங்களே முதலாளி."

காய் பறிக்கிற வேலம்மா சும்மா இருப்பாளா? "ஏன் முதலாளி, நாங்க தெனமும் இதே எறக்கத்துல இதுலதான போறோம்?"

அன்று ஜீப் நேராக மெக்கானிக் ஷெட்டுக்குத்தான் போனது. புதுப் பிரேக்கும் போட்டு, எஃப்.சி.யும் வாங்கியாச்சு.

ஆனாலும் முதலாளி இன்றுவரை வண்டிக்குப் பின்னால் நின்றுதான் சூடம் காட்டுகிறார்.