தோப்புக்கரணம் போட ஒரு ஆள்

வெகு காலத்துக்கு முன்னால் தாழையூர்ச் சீமையை அகண்டவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். பேருக்கேற்ற உடம்பு. குனிந்தால் நிமிர்த்த இரண்டு பேர் வேண்டும். அதனால் அரண்மனைப் பிள்ளையாருக்குத் தினமும் அவர் பேரில் தோப்புக்கரணம் போட ஞானமூர்த்திப் பண்டிதரை நியமித்திருந்தார். பண்டிதருக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

ராஜாவின் மகள் தேனம்மைக்கு ஐந்து வயது. "சாமிக்குத் தோப்புக்கரணம் போடு கண்ணு" என்றால், "எனக்கும் ஒரு ஆள் போடுங்க" என்று ஓடிவிடுவாள். பண்டிதர் நூறு பாட்டு மனப்பாடம் செய்யவைக்கப் பார்த்தார். மூன்றாம் பாட்டிலேயே குழந்தை தூங்கிப்போனாள்.

"நம் வீட்டுச் சாமியை என் மகள் கும்பிட மாட்டாளா?" என்று ராஜா கொதித்தார்.

"மந்திரியார்தான் பெரிய புத்திசாலியாயிற்றே, அவர் கற்றுக்கொடுக்கட்டுமே" என்று பண்டிதர் கோத்துவிட்டார். மந்திரி பதவியின்மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

"அதுவும் சரி. சேந்தா, சதுர்த்தியன்று குழந்தை தானாகத் தோப்புக்கரணம் போட வேண்டும். இல்லையென்றால் உன் முத்திரை மோதிரம் பண்டிதருக்கு."

மந்திரி சேந்தன், "சதுர்த்திப் படையலை என் பொறுப்பில் விடுங்கள் அரசே, போதும்" என்றார்.

சதுர்த்தியும் வந்தது. ராஜா காலையிலிருந்து பட்டினி. கொழுக்கட்டை வாசனை அவரைப் படாதபாடு படுத்தியது. பண்டிதர் வழக்கம்போல் அரசர் பேரில் பத்துத் தோப்புக்கரணம் போட்டார். சேந்தன் தட்டை எடுத்துவர, ராஜா கையை நீட்டினார். தட்டோ அவரைத் தாண்டிப் பண்டிதர் முன்னால் போய் உட்கார்ந்தது.

"என்னய்யா இது?"

"தங்களுக்காகக் கும்பிடுகிறவர் அவர்தானே அரசே. தங்களுக்காகச் சாப்பிடவும் அவரே இருக்கட்டும்."

பண்டிதர் அதற்குள் இரண்டை உள்ளே தள்ளியிருந்தார். ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. தானே பிள்ளையார் முன்னால் போய் நின்று, வலக்கையால் வலக்காதையும் இடக்கையால் இடக்காதையும் பிடித்துக்கொண்டு முக்கி முனகிக் குனிந்தார்.

மூலையில் நின்ற தேனம்மை ஓடிவந்தாள். "தப்புப்பா. கையை மாத்திப் பிடிக்கணும். இங்க பாருங்க, இப்படி. என்கூடச் சேர்ந்து போடுங்க."

ஒவ்வொரு தடவையும் இரண்டு சேவகர்கள் ராஜாவை நிமிர்த்திவிட, அப்பாவும் மகளுமாகப் பத்தும் போட்டு முடித்தார்கள். "பிள்ளையாரே, நாளைக்கு அப்பா இன்னும் நல்லாப் போடுவார்" என்று குழந்தை கைகூப்பினாள்.

"இத்தனை நாள் ஏன் தங்கம் போடவில்லை?" என்றார் ராஜா, மூச்சு வாங்க.

"நீங்க போடலையே."

ராஜாவுக்கு வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து கண் கலங்கிவிட்டது. தன் முத்துமாலையைக் கழற்றிச் சேந்தன் கழுத்தில் போட்டார். சேந்தனுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

தேனம்மை பண்டிதர் பக்கம் திரும்பினாள். "தாத்தா, அப்பாவோடதை அப்பாவே போட்டுட்டார். உங்களோடதை யார் போடுவாங்க?"

சபை மொத்தமும் பண்டிதரைப் பார்த்தது. வாய் நிறையக் கொழுக்கட்டையோடு எழுந்து, அன்றுதான் அவர் முதன்முதலாகத் தனக்காகக் காதைப் பிடித்துக்கொண்டார்.