ஒற்றை நெற்செடியின் வேர்

விடை தெரிந்தவர்கள் முந்திரிக்கொட்டை மாதிரி நடுவில் கத்தக் கூடாது. நான் கேட்கும்போது சொன்னால் போதும்.

முதுகுளத்தூருக்குத் தெற்கே, கண்மாய் வற்றி மூன்று வருடமான ஊர் ஒன்று. அங்கே வேலுத்தாய்க்கு ஒரு ஏக்கர் மானாவாரி நிலம். கணவன் பெயர் முத்திருளாண்டி. பள்ளிக்கூடம் போகும் மகள்கள் இருவர். மூன்று வருடமாக அவர்கள் விதைத்த நெல்லெல்லாம் கதிர் வாங்கும் முன்பே கருகியது. காரணம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. அந்த ஊர் நெல்லின் வேர் பக்கவாட்டில் படருகிற சாதி. மேல் மண் காய்ந்தால் செடியும் போச்சு. ஒரு முழத்துக்குக் கீழே ஈரம் இருக்கத்தான் செய்தது. இருந்து என்ன பயன்? வேர் அங்கே போனால்தானே!

நெல் ஆராய்ச்சி செய்கிற ஆரோக்கியமேரி இதற்காகவே அந்த ஊருக்கு வந்தாள். வேர் கீழே இறங்குவதா, பக்கத்தில் படர்வதா என்பதை விதைக்குள் இருக்கும் சில மரபணுக்கள் சேர்ந்து முடிவு செய்கின்றன என்று சொன்னாள். வேர் ஆழமாக இறங்கும் மலைநெல் ஒன்றையும் ஊர் நெல்லையும் இணை சேர்த்து, அவற்றின் பேரப்பிள்ளைகளான முந்நூறு செடிகளை வேலுத்தாயின் நிலத்தில் வளர்த்தாள். அதில் இரண்டு மூன்று மலைநெல் பக்கம் சாய்ந்தாலே அதிர்ஷ்டம் என்றாள். எது சாய்ந்தது என்று மேலே பார்த்தால் தெரியாது. இலையும் தண்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கார்த்திகையோடு மழை நின்றது. பாதிச் செடிகளை ஆடு மேய்ந்தது, மீதியை வெயில் தின்றது. தை பிறந்தபோது பச்சையாக நின்றது ஒரே ஒரு செடி. அதுவாவது நிலத்தின் நடுவில் நின்றிருக்கக் கூடாதா? வரப்போரம், ஆடுகள் தண்ணீர் குடிக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று தொலைத்தது! தொட்டியில் விரிசல். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. செடி ஆழ வேரால் பிழைத்ததா, கசிவைக் குடித்துப் பிழைத்ததா, யாருக்குத் தெரியும்?

இதில் வேலுத்தாயின் பாடுதான் பெரும்பாடு. செங்கல் சூளைக்கு ஆள் ஏற்றும் லாரி பதினைந்து நாளில் வரும். ஏறினால் குடும்பத்தோடு ஏற வேண்டும், மகள்களின் படிப்பு அதோடு முடிந்தது. ஏறாமல் நின்று செடியைக் காவல் காத்தால் விதை கிடைக்கும். அந்த விதை நல்லதாக இருந்தால் அடுத்த வருடம் நிலத்தில் நெல் நிற்கும். கசிவைக் குடித்த செடியாக இருந்துவிட்டாலோ, விதையும் வீண், சூளை வேலையும் போய்விடும். வீட்டில் அடுப்பு எரியாது.

"புடுங்கிப் பாத்தா தெரிஞ்சுபோகும்ல?" என்றான் முத்திருளாண்டி. "வேரு கீழ போயிருந்தா நிப்போம். இல்லேன்னா லாரி ஏறுவோம்."

"அண்ணே, புடுங்கினா செடி செத்துரும். செத்த செடிக்கு வேர் எவ்வளவு ஆழமா இருந்து என்ன பண்றது? தொடாம காப்பாத்தி விதை எடுப்போம்" என்றாள் மேரி.

"நீங்க சொல்லிட்டுப் போயிருவீங்க. தொட்டித் தண்ணியக் குடிச்சுத்தான் நிக்குதுன்னா எங்க கதி? ரெண்டு பொட்டப்புள்ளைகளுக்கு எதைப் போடுவேன்?"

இலையைக் கிள்ளி அனுப்பி மரபணுவைச் சோதிக்கலாம், ஆனால் முடிவு வர இரண்டு மாதம் ஆகும். அதையும் மேரி மறைக்காமல் சொல்லிவிட்டாள்.

அன்று உச்சி வெயிலில் வேலுத்தாய் அந்தச் செடியின் முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. மூன்று தடவை தண்டைப் பிடித்தாள். மூன்று தடவையும் கையை எடுத்துக்கொண்டாள். "கண்ணக் கட்டிக் காட்டுல விட்டுட்டியே சாமி" என்று புலம்பினாள். செடி இன்னும் கதிர் வாங்கவில்லை. அடியிலிருந்து ஏழு தூர், அதாவது கிளைத் தண்டு, வெடித்திருந்தது. ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணியவள், சட்டென்று தலையைத் தூக்கி மேரியைக் கூப்பிட்டாள்.

"மேரிம்மா, இந்த ஏழு தூருக்கும் குணம் ஒண்ணுதானா? இல்ல வேற வேறயா?"

"ஒண்ணுதான்க்கா. ஒரே விதையில வந்தது. ஏழுலயும் அதே மரபணுதான்."

"அப்ப சரி" என்று எழுந்து வீட்டுக்குப் போனாள் வேலுத்தாய்.

இப்போது சொல்லுங்கள். பிடுங்கிப் பார்க்கச் சொன்ன முத்திருளாண்டி சரியா? தொடாதே என்ற மேரி சரியா? செடியையும் சாகவிடாமல், பதினைந்து நாளுக்குள் வேரையும் பார்க்க வேண்டுமென்றால் வேலுத்தாய் என்ன செய்திருப்பாள்?

விடை: இருவரும் சொன்னது சரிதான், ஆனால் தனித்தனியே இரண்டும் அவளைக் காப்பாற்றாது. வேலுத்தாய் குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி மண்ணை இளக்கி, ஓரத்துத் தூர் ஒன்றை மட்டும் அதன் இரண்டு வேரோடு கத்தியால் பிரித்தெடுத்தாள். காய்கறி கழுவும் ஓட்டைக் கூடையில் மண் நிரப்பி அதை நட்டு, கூடையைத் தொட்டிக்கு எட்டாத இடத்தில் புதைத்தாள். ஆழ வேர்க் குணம் இருந்தால் புது வேர் அடி ஓட்டை வழியே வரும், படர்கிற குணம் என்றால் பக்கத்து ஓட்டை வழியே வரும். மிஞ்சிய ஆறு தூரோடு தாய்ச்செடி தாங்குமா என்று மேரி பயந்தாள், அது தாங்கிவிட்டது. பதினான்காம் நாள் கூடையை எடுத்தார்கள். பக்கத்தில் இரண்டு வேர், அடியில் பதினொன்று. மறுநாள் லாரி வந்து ஹாரன் அடித்தபோது முத்திருளாண்டி ஓடிப்போய், "நாங்க வரலை" என்று சொல்லி அனுப்பினான். வேலுத்தாய் வாசலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். மகள்கள் இருவரும் அந்த நேரம் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்.