மூக்கை மேலே வைத்து நிறுத்திய வண்டி

அந்த மலையூரில் யாரும் வண்டியை மேடு பார்த்து நிறுத்த மாட்டார்கள். மூக்கு பள்ளத்தைப் பார்க்க வேண்டும். முன்சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுக்க வேண்டும். காலையில் கல்லை உருவிவிட்டுக் கைப்பிரேக்கைத் தளர்த்தினால் வண்டி தானே உருளும். இரண்டாம் கியரைப் போட்டு கிளட்சை விட்டால் உறுமிக்கொண்டு கிளம்பிவிடும். சாவியைத் திருப்பிக் கிளப்புகிறவனை அங்கே வெளியூர்க்காரன் என்பார்கள்.

ஊர் முடிகிற இடத்தில், பழைய சந்தைப்பேட்டையின் சிமெண்ட் தளத்தில் ஜமீலாவின் பட்டறை. ஊரிலேயே சரிவில்லாத, மட்டமான இடம் அது ஒன்றுதான். வண்டி வேலை கற்றுக்கொள்ள வரும் பெண்கள் அவளை ஆசான் என்றார்கள். கிண்டலாக ஆரம்பித்தது. பிறகு கிண்டல் போய் ஆசான் மட்டும் நின்றுவிட்டது.

ஒரு மதியம் மார்ட்டினா தன் வண்டியையே ஓட்டிக்கொண்டு வந்தாள். ஆசானிடம் பாடம் கற்கிறவள்தான், ஆசானைவிட நாலு வயது மூத்தவள். பட்டறைக்கு வெளியே சரிவில் வண்டியை நிறுத்தி, கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"ஆசானே, புது பேட்டரி போட்டுக் கொடுங்க."

"இருக்கிறதுக்கு என்ன வந்துச்சு, அக்கா?"

"செத்துப்போச்சு."

"யார் பார்த்தது?"

"பெரியத்தான் சொன்னார்."

பெரியத்தான் என்றால் வின்சென்ட், அவள் கணவனின் அண்ணன். கணவனுக்குக் கப்பலில் வேலை. போன வாரம் குழந்தைக்கு மூச்சு இழுத்தபோது வண்டி வாசலில் குறுக்காக நின்றிருந்தது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்றதோடு சரி. எதிர்வீட்டுக்காரர்கள் வந்து சரிவுக்குத் திருப்பித் தள்ளிவிட்டார்கள். மருத்துவமனை போய்ச் சேருவதற்குள் குழந்தையின் உதடு நிறம் மாறியிருந்தது. மறுநாளே வின்சென்ட் வந்துவிட்டார். "இந்த ஓட்டை வண்டிய நம்பி ஒரு பொம்பளை தனியா குடும்பம் நடத்துறதா? பெட்டியக் கட்டு. என் வீட்டுல ஒரு ரூம் இருக்கு. சொன்னதக் கேட்டுட்டு அங்க இரு."

அவள் என்ன நினைத்தாளோ, வாய் முந்திக்கொண்டது. "நின்ன இடத்துல வண்டி கிளம்பலைன்னா வர்றேன்."

பார்க்க வருவதாக அவர் சொன்ன நாள் நாளைக் காலை.

"வேற யாரெல்லாம் செத்துப்போச்சுன்னு சொன்னாங்க?" என்றாள் ஆசான்.

"எதிர்வீட்டுக்காரர். பால்காரர். தெருவே சொல்லுது."

"வண்டி என்ன சொல்லுச்சு?"

மார்ட்டினா திரும்பி, வெளியே நின்ற வண்டியைப் பார்த்தாள்.

"உள்ள கொண்டுவாங்க. மட்டத்துல நிறுத்துங்க."

"மட்டத்துல நிறுத்தினா கிளம்பாதே, ஆசானே!"

"கிளம்பாத வண்டியத்தானே பார்க்கணும்?"

மார்ட்டினா வண்டியை உருட்டிக் கிளப்பி உள்ளே கொண்டுவந்து, சுவரைப் பார்க்க நிறுத்தி, அணைத்தாள். கல் வெளியே தெருவிலேயே கிடந்தது. அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் வண்டியை ஆறவிட்டு, ஆசான் மீட்டரின் இரண்டு ஊசிகளையும் பேட்டரியின் மேல் துருத்தி நின்ற இரண்டு ஈயக் கம்பங்களில் வைத்தாள். பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேலே காட்டியது.

"நல்லாத்தானே இருக்கு?" மார்ட்டினாவின் முகம் மலர்ந்தது.

"சும்மா இருக்கும்போது எல்லாம் நல்லாத்தான் இருக்கும். வேலை கொடுப்போம். ஹெட்லைட்டைப் போட்டுட்டு சாவியத் திருப்புங்க."

மார்ட்டினா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"மேல இருக்கிறவர்கிட்ட சொல்லியாச்சா? திருப்புங்க."

திருப்பினாள். 'டக்.' சுவரில் விழுந்திருந்த வெளிச்சம் பொசுக்கென்று வடிந்து, விட்டதும் திரும்பி வந்தது.

மார்ட்டினா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். "பார்த்தீங்கல்ல? செத்துப்போச்சு. பெரியத்தான் சொன்னது சரிதான். நான் பெட்டியக் கட்டுறேன்."

"வெளிச்சம் வடிஞ்சதைப் பார்த்தேன். பேட்டரி செத்ததை இன்னும் பார்க்கலை."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இறங்கி வாங்க. ஊசிய நீங்க பிடிங்க. நான் திருப்புறேன்."

மார்ட்டினா ஊசிகளைக் கம்பங்களில் அழுத்திப் பிடித்தாள். ஆசான் சாவியைத் திருப்பினாள். 'டக்.'

"என்ன காட்டுது?"

"அப்படியேதான் இருக்கு. இறங்கவே இல்லை."

"இப்ப கம்பத்த விட்டுட்டு, அதைக் கவ்வியிருக்கிற கிளாம்புகள்ல வைங்க."

வைத்தாள். ஆசான் திருப்பினாள். மீட்டர் முள் சடாரென்று அடியில் விழுந்தது.

மார்ட்டினா கம்பத்தைப் பார்த்தாள். கிளாம்பைப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவே ஒரு நூல் போகிற இடம்கூட இல்லை.

"இன்னொரு தடவ திருப்புங்க, ஆசானே."

மறுபடியும் பார்த்தாள். கம்பத்தில் குறையவில்லை. கிளாம்பில் விழுந்தது. ஒவ்வொரு பக்கமாகச் சோதித்தாள். மைனஸ் பக்கம் ஒழுங்காக இருந்தது. பிளஸ் பக்கம்தான் கோளாறு. மூன்றாவது தடவை ஆசான் சொல்லாமலேயே ஸ்பேனரை எடுத்தாள். முதலில் மைனஸ் கிளாம்பைக் கழற்றினாள், பிறகு பிளஸ். உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்கு, இட்லித் தட்டில் ஒட்டிக் காய்ந்த மாவு மாதிரி.

"இதுதானா?" என்றாள். குரல் உயர்ந்துவிட்டது. "இந்தப் பொருக்கையா எல்லாரும் சேர்ந்து சாவுன்னாங்க? ஒருத்தராவது இதைக் கழற்றிப் பார்த்தாங்களா?"

"சரிவு இருக்கும்போது யார் கழற்றிப் பார்ப்பாங்க?"

மார்ட்டினா சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றினாள். நுரைத்துப் பொங்கியது. கம்பி பிரஷ்ஷால் ஈயம் பளபளக்கும் வரை தேய்த்தாள். தெருவை, பால்காரரை, பெரியத்தானை எல்லாம் சேர்த்துத் தேய்த்த மாதிரி இருந்தது. துடைத்து, பிளஸ்ஸை முதலில் மாட்டி, மைனஸை மாட்டி, முறுக்கினாள்.

மட்டத்தில் நின்ற இடத்திலேயே வண்டி கிளம்பியது.

ஆசான் ஓடும் வண்டியில் மீட்டரை வைத்தாள். பதினாலைத் தொட்டது. "சார்ஜும் ஏறுது. போங்க."

"புது பேட்டரி?"

"எதுக்கு?"

வெளியே வந்த மார்ட்டினா வண்டியை நிறுத்தி இறங்கி, தெருவில் கிடந்த கல்லைத் தூக்கினாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு அதை ஓடையில் போட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. மார்ட்டினாவின் வண்டி மேட்டைப் பார்த்து நின்றது.

"என்னடி இது, மூக்கை மேலே வச்சு நிறுத்தியிருக்கே?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "தள்ள ஆள் வேணுமே!"

"வேண்டாம், அக்கா."

வின்சென்ட் ஜீப்பில் வந்தார், பெட்டிகளை ஏற்றிப்போக. ஜீப்பைப் பள்ளம் பார்த்து நிறுத்திக் கல்லை வைத்தார். "பெட்டி எங்கே?"

"பெட்டி கட்டலை, பெரியத்தான்."

குழந்தையைப் பக்கத்துவீட்டாரிடம் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். திருப்பினாள். கிளம்பியது.

வின்சென்ட் சிரித்தார். "ஏதோ ஒரு தடவை கிளம்பிடுச்சு."

அணைத்தாள். திருப்பினாள். கிளம்பியது. மறுபடி அணைத்தாள். மறுபடி கிளம்பியது.

"இன்னிக்குக் கிளம்பும். நாளைக்கு?"

"நாளைக்குக் கிளம்பலைன்னா நாளைக்குக் கழற்றிப் பார்ப்பேன்." ஜன்னலை இன்னும் கொஞ்சம் இறக்கினாள். "உங்க ஜீப்பையும் ஒரு தடவ மேடு பார்த்து நிறுத்திக் கிளப்புங்களேன், பார்க்கலாம்."

தெருவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வின்சென்ட் கல்லை உருவி வண்டிக்குள் போட்டுக்கொண்டு உருண்டு போனார்.

பட்டறைக்கு அவள் வந்தபோது ஆசான் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தாள். கால்கள் மட்டும் தெரிந்தன.

"போயிட்டார், ஆசானே."

"ம்."

"வீடு எனக்கே நின்னுடுச்சு."

"ம்."

மார்ட்டினா போகவில்லை. ஆசானின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எல்லார் முன்னாடியும் அவ்வளவு வாய் பேசினேன். ஆனா சாவியத் திருப்பும்போது கை நடுங்குச்சு. மூணு தடவையும் நடுங்குச்சு. இப்பவும் நிக்கலை, பாருங்க. இந்தப் பயம் எப்பப் போகும்?"

வண்டிக்கு அடியிலிருந்து ஸ்பேனர் சத்தம் நின்றது.

"மூணு தடவையும் சாவி திரும்புச்சா?"

"திரும்புச்சு."

"அப்ப நடுங்கட்டும், அக்கா. அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுங்க."